சூலகமும் அதன் தொழிலும்



மழையைச் சுமந்து தாழ்ந்து வரும் கரிய மேகத்தைச் சூல் கொண்ட மேகம் என்பர் நம் முன்னோர். கருவுற்ற பெண்ணைச் சூலி என்பர். உள்ளே ஓர் உயிரையோ, உயிருக்கு ஆதாரமான ஒன்றையோ தாங்கி நிற்கும் நிலைக்குத் தமிழில் வழங்கும் பெயர் சூல் என்பதாகும். ஆகவே, பெண்ணின் உடலில் முட்டைகள் தங்கியிருக்கும் உறுப்பினை நமது நாட்டுப் பாடநூல்கள் சூலகம் என்று அழைப்பது மிகப் பொருத்தமானதே. தமிழகத்தார் இதனையே சினைப்பை என்பர். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே.

இருதயம் எங்கே இருக்கின்றது என்று கேட்டால், பள்ளிக்குச் செல்லும் சிறுவனும் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவான். சூலகம் எங்கே இருக்கின்றது, அது செய்யும் தொழில் யாது என்று கேட்டாலோ, நான்கு பிள்ளைகளைப் பெற்ற தாயும் விடை கூற இயலாது நிற்பதுண்டு. இவ்வறியாமையினால் விளையும் தீங்கு சிறிதன்று. ஆண் மகவைப் பெறவில்லையென்று பழி சுமந்த பெண்களும், நோயை வெட்கத்தினால் மறைத்து முற்றவிட்ட பெண்களும் இத்தீங்குக்கு ஆளானவர்களே. ஆதலின், இன்றைய பேச்சிலே சூலகத்தின் அமைப்பையும் தொழிலையும் ஒளிவு மறைவின்றி நோக்குவோம்.

அடிவயிற்றின் கீழே, இடுப்பெலும்புகள் கூடி ஒரு கிண்ணம் போன்ற குழியை அமைக்கின்றன. அக்கிண்ணத்தின் நடுவே கருப்பை இருக்கின்றது. அதன் இரு மருங்கிலும் பக்கத்துக்கு ஒன்றாகச் சூலகங்கள் இரண்டு இருக்கின்றன. ஒவ்வொன்றும் தோலோடு கூடிய ஒரு வாதுமைக் கொட்டையின் வடிவமும் பருமனும் உடையது. வளர்ந்த பெண்ணில் அதன் நீளம் ஏறத்தாழ 3 சதமமீற்றர். நிறை 5 முதல் 8 கிராம் வரை. சிறுமியின் சூலகம் மழமழப்பாக இருக்கும். பருவமடைந்த பின்னர் மாதந்தோறும் அதன் மேற்பரப்பில் ஒரு சிறு புண் தோன்றி ஆறுவதனால், ஆண்டுகள் செல்லச் செல்ல அது தழும்பேறிச் சுருக்கமடைகின்றது.

சூலகம் வயிற்றினுள்ளே தனியே மிதந்து கொண்டிருப்பதன்று. ஒரு குறுகிய நாண் அதனைக் கருப்பையோடு பிணைக்கின்றது. இன்னொரு மடிப்பு அதனை இடுப்பின் பக்கச் சுவரோடு இணைக்கின்றது. இரத்தக் குழாய்களும் நரம்புகளும் இம்மடிப்பின் வழியே சூலகத்தை அடைகின்றன. இங்கே வியப்பான செய்தி ஒன்றுண்டு. சூலகத்துக்கு இரத்தம் கொண்டுவரும் நாடி, அருகிலுள்ள இடுப்பு நாடிகளிலிருந்து கிளைப்பதில்லை. மிக மேலே, சிறுநீரகங்களின் நாடிகள் பிரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே, பெருநாடியிலிருந்து நேராகக் கிளைத்து, வயிற்றின் நீளமெல்லாம் இறங்கி வருகின்றது. ஏன் இந்த நெடும்பயணம்? தாயின் வயிற்றில் கரு வளரும்போது சூலகம் முதலில் உருவாவது சிறுநீரகத்துக்கு அண்மையிலேயாம். பின்னரே அது இடுப்புக்கு இறங்குகின்றது. குடிபெயர்ந்து வந்தாலும் பிறந்த இடத்து ஊற்றை அது விட்டுவிடவில்லை.

இனி, சூலகத்தினுள்ளே நோக்குவோம். அதன் நடுப்பகுதியில் இரத்தக் குழாய்கள் செறிந்துள்ளன. அதனைச் சூழ்ந்த புறப்பகுதியிலேதான் முட்டைகள் இருக்கின்றன. ஒவ்வொரு முட்டையும் தன்னைச் சுற்றிக் காவற்கலங்களாலான ஓர் உறையைக் கொண்டுள்ளது. முட்டையும் உறையும் சேர்ந்த இவ்வமைப்பைப் புடைப்பு என்பர். முதலில் நுணுக்குக்காட்டியினாலன்றிக் காணவொண்ணாத சிறுமை உடைய புடைப்பு, முதிர்ந்து நீர் நிறையும்போது 2 சதமமீற்றர் வரை பருக்கின்றது. அதனுள்ளிருக்கும் முட்டையின் விட்டமோ ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு அளவேயாம். ஆயினும் மனித உடலின் கலங்களுள் மிகப் பெரியது அதுவே. கூரிய கண்ணுக்கு ஊசிமுனைப் புள்ளி போலத் தென்படும்.

இச்சிறு புள்ளியைக் கண்டறிய மனிதருக்கு நெடுங்காலம் சென்றது. குருதிச் சுற்றோட்டத்தை விளக்கிய வில்லியம் ஆவி என்னும் ஆங்கில வைத்தியர், அரசனின் வேட்டைக் காட்டு மான்களை அறுத்துத் தேடியும் முட்டையைக் கண்டாரல்லர். சூலகத்தையே பயனற்ற உறுப்பென அவர் எண்ணினார். 1667ஆம் ஆண்டிலே தென்மார்க்கைச் சேர்ந்த நிக்கொலஸ் ஸ்ரெனோ என்பவர், பெண்ணின் இவ்வுறுப்பு முட்டையிடும் பிராணிகளின் முட்டையகத்தை ஒத்தது என்று கூறினார். 1672இல் ஒல்லாந்து தேசத்து வைத்தியர் ரெய்னியர் டி கிராப் புடைப்புகளை விரிவாக வருணித்தார். முதிர்ந்த புடைப்பு இன்றும் அவர் பெயரால் கிராபின் புடைப்பு என வழங்கப்படுகின்றது. ஆனால் அவர் கண்டது பெட்டியேயன்றி, உள்ளிருந்த மணியன்று. அதன் பின் 155 ஆண்டுகள் கழித்து, 1827இல், கார்ல் ஏர்ன்ஸ்ட் வொன் பேயர் என்பவர் ஒரு நாயின் சூலகத்துப் புடைப்பினைத் திறந்து, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, பாலூட்டியின் முட்டையை முதன்முதலாகத் தெளிவாகக் கண்டார்.

சூலகத்தைப் பற்றி அறிய வேண்டியவற்றுள் தலையாயது முட்டைகளின் கணக்கு. ஆணின் உடல் பருவமடைந்த பின் நாள்தோறும் புதிய விந்துக்கலங்களை ஆக்கிக் கொண்டேயிருக்கின்றது. பெண்ணின் சூலகமோ அவ்வாறன்று. அவளுக்குரிய முட்டைகள் யாவும் அவள் பிறக்குமுன்பே ஆக்கப்பட்டு விடுகின்றன. பெண் சிசு தாயின் வயிற்றில் 20 வாரம் இருக்கும்போது அதன் சூலகங்களில் 60 முதல் 70 இலட்சம் முட்டைகள் இருக்கும். அதுவே உச்சக் கணக்கு; அதன் பின்னர் குறைவேயன்றிக் கூடுதலில்லை. பிறக்கும்போது எஞ்சுபவை 10 முதல் 20 இலட்சம். பருவமெய்தும்போது ஏறத்தாழ 3 முதல் 4 இலட்சம். அவற்றுள்ளும், ஒரு பெண்ணின் வாழ்நாள் முழுவதிலும் முதிர்ந்து வெளிவருபவை 400 அல்லது 500 மாத்திரமே. ஏனையவை அனைத்தும் சூலகத்தினுள்ளேயே நாளும் அழிந்து உடலோடு கலந்து விடுகின்றன.

கமக்காரன் ஒருவன் விதைநெல்லைக் களஞ்சியத்தில் இட்டுப் பூட்டுகின்றான் என்று கொள்ளுங்கள். அக்களஞ்சியத்துக்கு மீண்டும் நெல் வந்து சேராது. விதைத்தாலும் விதையாவிட்டாலும் நெல் குறைந்து கொண்டே செல்லும். சூலகத்தின் நிலையும் இதுவே. வயது ஏறுந்தோறும் முட்டைகளின் தொகை குறைவதோடு, எஞ்சியவற்றின் தரமும் குறைகின்றது. முப்பத்தைந்து வயதுக்குப் பின் கருவுறுதல் அரிதாவதும், கருச்சிதைவு மிகுவதும் இதனாலேயாம். இது யாருடைய குற்றமுமன்று; களஞ்சியத்தின் இயல்பு.

இக்கணக்கிலிருந்து இன்னோர் உண்மையும் புலப்படுகின்றது. நம்மில் ஒவ்வொருவரும் ஒரு முட்டையிலிருந்து தோன்றியவர்கள். அம்முட்டை நம் தாயின் சூலகத்தில் உருவாகியது, அவர் பிறக்குமுன்னரே. அதாவது, நம் தாய் நம் அம்மம்மாவின் வயிற்றில் இருந்த காலத்திலே. ஆகவே, அம்மம்மா கருவுற்றிருந்தபோது அவர் சுமந்தது ஒரு தலைமுறையை மாத்திரமன்று. கர்ப்பிணியின் உணவையும் உடல்நலத்தையும் பேணுவது எத்துணைப் பெரிய கடமை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இப்பொழுது மாதந்தோறும் நிகழும் தொழிலைக் காண்போம். மூளையின் அடியில் கபச்சுரப்பி என்னும் பயறளவான சுரப்பி ஒன்றுண்டு. சூலகத்தை ஏவுவது அதுவே. அது குருதியில் விடும் ஓமோன் ஒன்றினால் ஒவ்வொரு மாதமும் புடைப்புகள் சில வளரத் தொடங்குகின்றன. சில நாள்களில் ஒன்று மற்றவற்றை முந்திக் கொள்ள, ஏனையவை வாடி விடுகின்றன. முந்திய புடைப்பு ஈஸ்திரஜன் என்னும் ஓமோனைச் சுரக்கின்றது. அது கருப்பையின் உட்போர்வையைத் தடிப்பிக்கின்றது. விதைக்குமுன் நிலத்தைப் பண்படுத்துவது போல. ஈஸ்திரஜன் உச்சமடையும்போது கபச்சுரப்பி இன்னோர் ஓமோனைத் திடீரெனப் பெருக்குகின்றது. அப்பெருக்குத் தொடங்கி ஏறத்தாழ 36 மணி நேரத்தில் புடைப்பு வெடித்து முட்டை வெளியேறுகின்றது.

பலோப்பியன் குழாய் சூலகத்தோடு ஒட்டியிருப்பதில்லை. விரல்கள் போன்ற குஞ்சங்களையுடைய அதன் வாய், சூலகத்தின்மேற் கவிந்து, வெளிவரும் முட்டையை ஏந்திக் கொள்கின்றது. முட்டையின் ஆயுள் ஒரு நாளுக்கு மேற்படாது. விந்துக்கலமோ பெண்ணின் உடலினுள் ஐந்து நாள்கள் வரை உயிரோடிருக்கக் கூடும். இரண்டும் குழாயினுள் கூடினால் கருக்கட்டல் நிகழும். முட்டை வெளியேறுவது அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ 14 நாள்களுக்கு முன்னராம். ஆகவே 28 நாட்சுற்று உடையவளுக்கு அது நடுநாளாகும். 35 நாட்சுற்று உடையவளுக்கோ 21ஆம் நாளளவாகும். எல்லாப் பெண்களுக்கும் 14ஆம் நாளே என்று எண்ணுவது தவறு.

முட்டை வெளியேறிய வெற்றுப் புடைப்பும் வீணாவதில்லை. அது மஞ்சள் நிறமேறிய ஒரு சிறு சுரப்பியாக மாறுகின்றது. அதனை மஞ்சட்சடலம் என்பர். அது புரோஜெஸ்திரோன் என்னும் ஓமோனைச் சுரந்து, கருப்பையைக் கருவுக்கு ஏற்ற மெத்தையாக்குகின்றது. கரு வந்து பதிந்தால், அக்கருவே ஓர் ஓமோனை அனுப்பி மஞ்சட்சடலத்தை வாழவைக்கும். நச்சுக்கொடி அப்பொறுப்பை ஏற்கும்வரை, முதற் சில வாரங்கள் கர்ப்பத்தைக் காப்பது இச்சிறு சடலமே. கரு வாராவிடில் ஏறத்தாழ 14 நாள்களில் அது வாடும். போர்வை கழன்று மாதவிடாயாக வெளியேறும். எனவே, மாதவிடாய் என்பது அழுக்குமன்று, தீட்டுமன்று. வரவேற்பதற்கென்று அமைத்த பந்தல், விருந்தினர் வாராமையாற் பிரிக்கப்படுவதே அதுவாம்.

இவ்வாறாகச் சூலகம் முட்டையை விடுவதும் ஓமோன்களைச் சுரப்பதுமாகிய இரு தொழில்களையும் ஒருங்கே செய்கின்றது. இரண்டாவது தொழிலை மெய்ப்பித்தவர்களுள் ஒருவர் வியன்னா நகரத்து எமில் குனாவர். 1896ஆம் ஆண்டளவில், முயல்களின் சூலகங்களை அகற்றி, உடலின் வேறோரிடத்தில் அவற்றைப் பொருத்தினார். சூலகமற்ற முயலின் கருப்பை சுருங்கியது. இடமாற்றிப் பொருத்தப்பட்ட முயலின் கருப்பை சுருங்கவில்லை. நரம்புத் தொடர்பு இன்றியும், குருதி வழியாகவே சூலகம் உடலை ஆளுகின்றது என்பது இதனாற் பெறப்பட்டது.

பருவமடையும் பெண்ணின் உடல் மாற்றங்களுக்குக் காரணம் ஈஸ்திரஜனே. நம்மவர் சாமத்தியச் சடங்கு செய்து ஊரைக் கூட்டிக் கொண்டாடுவது சூலகம் தொழிலேற்றதையாம். சடங்குக்குச் செலவிடும் சிரத்தையிற் சிறு பங்கையேனும், உடலில் நிகழ்வது யாதென அப்பெண்ணுக்கு எடுத்துரைப்பதிற் செலவிடலாகாதா? பின்னர், பெரும்பாலும் 45 முதல் 55 வயதுக்குள், களஞ்சியம் ஏறத்தாழ வெறுமையாகி மாதவிடாய் நின்று விடுகின்றது. ஈஸ்திரஜன் குறைவதனால் உடல் திடீரெனக் கொதித்து வியர்ப்பதும், உறக்கம் கெடுவதும், எலும்புகள் நலிவதும் உண்டு. இவை மனக்கோணலோ பாசாங்கோ அல்ல; பரிகாரமும் உண்டு. ஆனால் மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்த பின் மீண்டும் குருதி கண்டால், அது எத்துணைச் சிறிதாயினும் தாமதியாது வைத்தியரை நாடல் வேண்டும்.

இனி, பழியைப் பற்றி ஒரு வார்த்தை. குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது நிறமூர்த்தங்கள். சூலகத்து முட்டைகள் யாவும் இவ்வகையில் ஒரே தன்மையன. விந்துக்கலங்களே இருவகைப்படும். எவ்வகை விந்துக்கலம் முட்டையைச் சேர்கின்றதோ, அதற்கேற்பக் குழந்தை ஆணாகவோ பெண்ணாகவோ அமையும். பெண் மகவையே பெற்றாள் என்று மருமகளைத் தூற்றும் மாமியார், தம் மகனிடமிருந்து வந்ததொன்றுக்கு மருமகளைக் குறை கூறுகின்றார். மெய்யாக நோக்கின் மகனும் குற்றவாளியல்லன். அது எவர் விருப்பத்துக்கும் உட்படாதது.

மலடி என்னும் கொடுஞ்சொல்லும் இத்தகையதே. பிள்ளைப்பேறற்ற தம்பதியருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடத்து, ஆணின் குறையும் ஒரு காரணமாகப் பங்கு கொள்கின்றது. ஆகையால் சோதனை இருவருக்கும் உரியது. குழாய்கள் அடைபட்டவர்க்கும் இன்று வழியுண்டு. 1978ஆம் ஆண்டு யூலை மாதத்தில் இங்கிலாந்திலே, சூலகத்திலிருந்து எடுத்த முட்டையைக் கண்ணாடிக் கலனிற் கருக்கட்டச் செய்து பிறப்பித்த முதற் குழந்தை உலகைக் கண்டது. வைத்தியர் ஸ்ரெப்ரோவும், விஞ்ஞானி எட்வேட்சும், அவர்களோடு உழைத்த ஜீன் பேடி என்னும் பெண்மணியும் அதனைச் சாதித்தனர்.

சூலகத்தின் நோய்களுள் மூன்றை மாத்திரம் இங்கே குறிப்பிடுவோம். முதலாவது, பல நீர்க்கட்டிச் சூலக நிலை. பிள்ளை பெறும் வயதுப் பெண்களிற் பத்திலொருவர் அளவில் இதற்கு உட்படுகின்றனர். கட்டிகள் என்று பெயர் பெற்றாலும், அவை முதிராது நின்றுவிட்ட புடைப்புகளே. மாதவிடாய் 35 நாள்களுக்கு மேல் பிந்துதல், முகத்தில் மயிர் மிகுதல், பருக்கள், உடற்பருமன் ஆகியன இதன் அறிகுறிகள். பிற்காலத்தில் நீரிழிவுக்கு இடந்தருவதாகையால் இதனை அசட்டை செய்தலாகாது. உணவொழுங்கும் உடற்பயிற்சியும் பெருந்துணை புரிகின்றன, மருந்துகளும் உள.

இரண்டாவது, சூலகம் முறுகுதல். சூலகத்தில் நீர்க்கட்டிகள் தோன்றுவது பெரும்பாலும் தீங்கற்றது. பல தாமே மறைந்து விடும். ஆனால் பருத்த கட்டியோடு கூடிய சூலகம் தன் காம்பில் முறுகிக் கொண்டால் குருதியோட்டம் தடைப்படும். அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் திடீரென வரும் கடும் நோவும் வாந்தியும் அதன் அறிகுறிகள். கைமருந்து செய்து காத்திராமல் அக்கணமே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்; சில மணி நேரத் தாமதம் சூலகத்தையே இழக்கச் செய்யும். ஒன்றை இழந்தாலும் மற்றையது நலமாயின் கருவுறுதல் கூடும் என்பதையும் அறிந்து கொள்க.

மூன்றாவது, புற்றுநோய். சூலகம் வயிற்றின் ஆழத்தில் இருப்பதனால் அங்கே வளரும் கட்டி நெடுநாள் வெளித்தோன்றாது. 1809ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்தில் ஜேன் ரொட் குரோபோட் என்னும் மாது, தன் வயிறு பருத்ததைக் கர்ப்பமென்றே எண்ணியிருந்தாள். அது சூலகக் கட்டி எனக் கண்ட வைத்தியர் எப்ரேம் மக்டொவெல், மயக்கமருந்து அறியப்படாத அந்நாளிலே வயிற்றைத் திறந்து, 10 கிலோகிராமுக்கு மேற்பட்ட கட்டியை அகற்றினார். குதிரையேறி 60 மைல் கடந்து சிகிச்சைக்கு வந்த அம்மாது, அதன் பின் 32 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தாள்.

அவளுடைய கட்டி உயிர் கொல்லும் தன்மையதன்று. புற்றுநோயோ அவ்வாறு காத்திராது. நோயற்ற பெண்கள் அனைவரையும் சோதித்து இதனை முன்கூட்டியே கண்டு உயிர் காக்கும் முறை இன்னும் கைவரவில்லை. இங்கிலாந்து முதலான பிரித்தானிய நாடுகளில் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்களிடத்து நடந்து, 2021இல் முடிவு வெளியான ஆராய்ச்சியும் இதனையே காட்டியது. நம் நாட்டின் சுகவனிதையர் கிளினிக்குகளிற் செய்யப்படும் கருப்பைக் கழுத்துச் சோதனை மிக நன்று. தவறாது செய்து கொள்க. ஆனால் அது சூலகத்தைக் காட்டாது. ஆகையால் அறிகுறிகளை அறிந்திருப்பதே காவல். வயிறு ஊதியபடி இருத்தல், சிறிது உண்டதும் நிறைந்து விடுதல், அடிவயிற்று நோவு, அடிக்கடி சிறுநீர் கழிக்க நேர்தல் ஆகிய நான்கில் ஏதேனும் புதிதாகத் தோன்றி, இரண்டு மூன்று வாரங்களாகப் பெரும்பாலான நாள்களில் நீடித்தால், சிறப்பாக ஐம்பது வயதைக் கடந்தவர், வாயுக் கோளாறென்று ஒதுக்கிவிடாது வைத்தியரிடம் கூறுதல் வேண்டும். தாய்க்கோ சகோதரிக்கோ சூலகத்திலோ மார்பிலோ புற்றுநோய் இருந்ததாயின் அதனையும் மறவாது சொல்லுதல் வேண்டும்.

நேயர்களே, இப்பேச்சைத் தாயும் மகளும் ஒருங்கிருந்து கேட்டிருப்பின் நன்று. தந்தையும் மகனும் உடனிருந்தால் இன்னும் நன்று. இரவு உணவின்பின், இதில் ஒன்றிரண்டு செய்திகளையேனும் வீட்டில் வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். பல்வலியைக் கூறுவதுபோல அடிவயிற்று நோவையும் கூசாது கூறக்கூடிய வீட்டில், நோய் முற்றுமுன்னரே வெளிப்பட்டு விடும்.